அம்மன் புள்ளி கடலுக்குள் நின்றது பற்றி

பெயர்: அப்துல் கபூர் ஸுல்பிகா. வயது: 34. தொழில்: கணினி திருத்துதல். வதிவிடம்: கிண்ணியா. திகதி: 2026 ஜனவரி 22, முற்பகல் 10.15. சல்லி என்ற ஊரிலுள்ள மீனவர் சங்கமொன்றின் களஞ்சியப் பூட்டை உடைத்து, கணினிப் பாகங்கள் இரண்டை எடுத்துச் சென்றேன் என்று சங்கச் செயலாளர் பொலிஸில் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கிக்கொண்டேன். அது தொடர்பாக நான் கூறுவதாவது:

நான் திருகோணமலை நகரில் பத்து வருடங்களாகக் கணினி திருத்தும் கடை நடத்தி வருகிறேன். கடந்த நவம்பரில் மேற்படி செயலாளர் கடைக்கு வந்து, சங்கத்துக் கணினியின் இயங்குதளம் மிகப் பழையது, மீன்பிடித் திணைக்களத்தின் புதிய படிவங்கள் அதில் திறக்கவில்லை, புதியதாக மாற்றித் தரவேண்டும் என்றார். பழைய கணினிப் பெட்டிக்குப் புதிய இயங்குதளத்தைத் தாங்கும் வலு இல்லாததால் வேறு பெட்டி எடுத்து, அதில் புதியதைப் போட்டு, பழைய வன்தட்டில் இருந்தவற்றை அதற்கு மாற்றிக் கொடுத்தேன். “பழசெல்லாம் அப்பிடியே ஓடும், யோசிக்காதீங்க” என்றும் வாய்கூசாமல் சொன்னேன். படகுகளின் ஜீபீஎஸ் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் வரைபட மென்பொருளை மட்டும் நான் திறந்து பார்க்கவில்லை. பூட்டை உடைத்தது என் இரண்டாவது பிழை, இதுதான் முதலாவது. அந்த ஒழுங்கிலேயே எழுதிக்கொள்ளவும். பழைய வன்தட்டு என் கடை மேசை லாச்சியிலும், பழைய பெட்டி சங்கத்துக் களஞ்சியத்திலும் இருந்தன.

அதன்பின் இம்மாதம் 19ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணியளவில் சல்லியைச் சேர்ந்த தங்கமுத்து என்பவர் ஓட்டோவில் என் கடைக்கு வந்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகக் கண்டேன். காலில் செருப்பு இல்லை. அவரது கணவர் வேலன் முதல்நாள் விடியப்புறம் தனியே படகெடுத்துப் போனவர் திரும்பி வரவில்லை என்றும், லக்சன் என்ற வேலனின் தம்பியுடன் நான்கு படகுகள் தேடுகின்றன என்றும், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு காற்று எழும்பும் என்று அறிவித்தல் வந்திருப்பதால் அதற்குள் எல்லாப் படகும் கரைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்.

“தங்கச்சி, அவர் எந்தக் கல்லிலை நிக்கிறார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் சொன்னதில்லை. அந்தக் கொம்பியூட்டருக்குள்ளைதான் கிடக்கு. அது திறக்குதில்லையாம்” என்றார்.

இங்கு கல் என்பது கடலுக்கடியில் மீன் கூடும் பாறை. நல்ல கல்லைக் கண்டுபிடித்தவர் அதை உடன்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார். ஜீபீஎஸ் கருவி கடலில் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்பதற்காகத்தான் சங்கத்துக் கணினியில் ஒரு பிரதி வைப்பார்கள். வேலன் கருவியைக் கணினியில் இணைக்கும்போது அறையில் உள்ள எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவாராம்.

நான் சொன்ன சொல்லை நம்பியவர்கள் இவர்கள். உடனே பழைய வன்தட்டை எடுத்து, கடையிலிருந்த புதிய கணினியொன்றுக்குள் பழைய இயங்குதளத்தை ஒரு ஜன்னலுக்குள் ஓடவிட்டேன். ஓடியது. வரைபட மென்பொருளும் வந்தது. நான் கதிரையை விட்டு எழும்பிக் கையைத் தட்டிவிட்டேன். அந்த நேரத்திலேயே “சாவி இல்லை” என்று ஆங்கிலத்தில் காட்டி அது மூடிக்கொண்டது. சாவி என்பது பெருவிரல் அளவான ஒரு செருகி. கள்ளப்பிரதி எடுக்காமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அது பழைய பிரின்டர் வாயில் குத்தியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும், அந்த வாய் இப்போதைய கணினிகளில் கிடையாது. சாவி பழைய பெட்டியின் முதுகிலேயே குத்தியபடி களஞ்சியத்தில் கிடப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன்பின் வன்தட்டையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அதே ஓட்டோவில் சல்லிக்குப் போனோம். அலுவலகம் திறந்திருந்தது, களஞ்சியம் பூட்டியிருந்தது. பூட்டின் திறப்பு செயலாளரிடம். அவர் கந்தளாயில் ஒரு கலியாண வீட்டில். பதினொரு தடவை அழைத்தேன், தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. தங்கமுத்து வீட்டுக்குப் போய் நிலம் தோண்டும் இரும்பு அலவாங்குடன் வந்தார். அவர் ஓங்கியபோது நான் அதை வாங்கி நானே அடித்தேன். மூன்றாவது அடியில் பூட்டு விழுந்தது. அவர் அடிக்கவில்லை.

பெட்டி வலைக்குவியலுக்குக் கீழே இருந்தது. வன்தட்டை அதில் பொருத்தி, புதிய கணினியின் திரையை இதற்கு மாட்டினேன். உள்ளே இருந்த சிறு பற்றரி செத்துப்போனதால் பெட்டி தன்னை 2002ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு விசையை அழுத்தச் சொல்லி நின்றது. புதிய விசைப்பலகையை அது கணக்கெடுக்கவே இல்லை. உருண்டை முனையுள்ள பழையது தேவைப்பட்டது. சாக்குகளை எல்லாம் கொட்டித் தேடினோம். கடைசியில் அது அலுமாரிக் காலுக்கு அடியில் ஆப்பாக இருந்தது. இழுத்தெடுத்துக் குத்தி அழுத்தினேன். பெட்டி ஒருமுறை கீச்சிட்டது. பழைய இயங்குதளத்தின் இசை வந்தது. சாவியை ஏற்றுக்கொண்டு வரைபடம் விரிந்தது. வேலனின் கோப்பில் அறுபத்து மூன்று புள்ளிகள். “யா அல்லாஹ், இருக்கு!” என்று நான் போட்ட சத்தம் கரையிலுள்ள மீன்வாடிவரை கேட்டதாகப் பின்னர் சொன்னார்கள்.

புள்ளிகளுக்கு அவர் மீனின் பெயர்களையே வைத்திருந்தார். கடைசி ஒரு வாரமாக என்ன மீன் கொண்டுவந்தவர் என்று கேட்டேன். “முழுக்க விளைமீன்தான்” என்றார் தங்கமுத்து. விளை என்ற பெயரில் ஒரே ஒரு புள்ளி. நேரம் பன்னிரண்டு இருபது. கரைக்கு அண்மையில் தொடர்பு எல்லைக்குள் இருந்த லக்சனுக்கு அழைத்து அந்த எண்களைச் சொன்னேன். நான்கு படகுகளும் தென்கிழக்கே திரும்பின.

அதன்பின் நான் மற்றப் புள்ளிகளைச் சும்மா பார்த்துக்கொண்டு போனபோது அம்மன் என்று ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். முத்துமாரியம்மன் கோயிலுக்கு நேரே படகு ஏற்றும் இடம் என்றார். ஆனால் திரையில் அந்தப் புள்ளி நடுக்கடலில் நின்றது. இயங்குதளத்தை மாற்றியபோது நான்தான் கோப்பைக் கெடுத்துவிட்டேன், நான்கு படகுகளையும் வெறுங்கடலுக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்து அழுதேன்.

தங்கமுத்து திரையை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். இந்த இடத்தில் அவர் சிரித்தார் என்பதைக் கட்டாயம் எழுதவும்.

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை தங்கச்சி. அந்தாள் செய்த கள்ளம் இது. எல்லாத்தையும் ஒரேயடியாய்த் தள்ளி வைச்சிருக்கிறார். எங்கடை ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான். ஆரும் களவாய்த் திறந்து பாத்தாலும் பிழையான இடத்துக்குப் போகட்டும் எண்டு.”

“எவ்வளவு தள்ளினவர்?”

“அதைச் சொன்னால் பிறகென்ன கள்ளம்?”

எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு தள்ளப்பட்டிருந்தால் ஒன்றின் சரியான இடம் தெரிந்தால் போதும். அம்மன் கோயில் எங்கே என்று எங்களுக்குத் தெரியும், அது நகராது. நான் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு ஓடினேன். கருவாடு காயவைத்த பாயொன்றை மிதித்துவிட்டேன், உரியவரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். படகு ஏற்றும் இடத்தில் நின்று தொலைபேசி காட்டிய எண்ணை உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு திரும்ப ஓடிவந்து, திரையில் இருந்த அம்மனின் எண்ணிலிருந்து கழித்தேன். வந்த வித்தியாசத்தை விளைமீன் கல்லில் இருந்து கழித்தேன். அந்த இடம் வடகிழக்கே, படகுகள் போனதோ தென்கிழக்கே. லக்சனுக்கு மூன்று தடவை அழைப்புப் போகவில்லை. நான்காவது தடவை எடுத்தார். “திரும்புங்க! அங்க இல்ல, திரும்புங்க!” என்று கத்தி, சரியான எண்களைச் சொன்னேன்.

இரண்டு பத்துக்கு லக்சனின் அழைப்பு வந்தது. தங்கமுத்து தொலைபேசியை எடுக்க மறுத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் எடுத்தேன். “நங்கூரம் போட்டு நிக்கிறார். உயிரோடை இருக்கிறார். எஞ்சினும் போனும்தான் செத்துப்போச்சு” என்றார் லக்சன். நானும் தங்கமுத்துவும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்ததில் மேசை அசைந்து பெட்டி நின்றுபோனது. இனி நின்றால் என்ன?

படகுகள் கரைக்கு வர முன்னரே நான் சாவியையும் வன்தட்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டேன். இதுவே முறைப்பாட்டில் உள்ள களவு. காரணம் இதுதான்: தேடப் போன நான்கு படகுக்கும் இப்போது அந்தக் கல் தெரியும். அதையும் கோப்பையும் பக்கத்தில் வைத்தால், கழித்தல் தெரிந்த எவரும் தள்ளிய அளவைக் கண்டுபிடித்து மற்றப் புள்ளிகளை எல்லாம் எடுத்துவிடலாம். ஒருவரின் உயிருக்காக ஒரு கல்லைச் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னர் வேலன் கரையில் இறங்கினார். உதடு வெடித்திருந்தது. லக்சன் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டறிந்து, என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “தங்கச்சி, எவ்வளவு தள்ளினனான் எண்டு ஆருக்கும் சொன்னனீங்களோ?” என்பதாகும். இல்லை என்றேன். தங்கமுத்து எல்லோர் முன்னிலையிலும் அவரது முதுகில் ஒரு அடி வைத்தார். “ஒரு இரவும் ஒண்டரைப் பகலும். இனி எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ” என்றார். வேலன் அவரது காதில் எதையோ சொன்னார். தங்கமுத்து என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் பேனையால் எழுதிப் போட்டிருந்த கழித்தல் கணக்கின் விடையைப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு தன் சேலைத் தலைப்பால் அதை அழித்துவிட்டார்.

சாவியையும் வன்தட்டையும் இன்று இங்கு ஒப்படைக்கிறேன். முத்திரையிட்ட உறையில் வைத்து, படகுக்காரர்கள் இல்லாமல் திறக்காதிருக்கும்படி வேண்டுகிறேன். அவர்களை ஒவ்வொருவராக வரவைத்து, நானே வெளியில் நின்று, அவரவர் புள்ளிகளை அவரவர் கையாலேயே புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பேன். இம்முறை எல்லாவற்றையும் திறந்து பார்த்த பிறகே ஓடும் என்று சொல்வேன். பூட்டுக்குப் பதிலாகப் புதிய பூட்டு அன்று மாலையே போட்டுவிட்டேன்.

தள்ளிய அளவு எவ்வளவு என்று என்னிடம் கேட்கப்பட்டது. அது மூன்று பேருக்குத் தெரியும். நான்காவதாக இந்த நிலையத்தைச் சேர்ப்பதற்கு வேலனும் தங்கமுத்துவும் சம்மதிக்கவேண்டும்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அனைத்தும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒரேயொரு எண் மட்டுமே.

(ஒப்பம்) அ. க. ஸுல்பிகா