ஐஸ்பழத்துக்கு அர்த்தம்

நீங்க தமிழ்ல கேட்டதும் வாய் தவறித் தமிழ்ல வந்திருச்சு சேர். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வீட்டுக்காரரு பியதாச மாத்தயா மாத்தளைக்குப் போயிருக்காரு, மூணு மணி பஸ்ஸுலதான் வருவாரு. இந்த நாவுல ஊருல, சிங்களவங்க நடுவுல, எனக்குப் பேரு சோமபால. சொந்தப் பேரு மாடசாமி, இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டம்.

என்ன, ஐஸ்பழம்ங்கிற சொல்லுக்கு அர்த்தம் எழுத வந்தீங்களா? பழமும் இல்ல ஒண்ணும் இல்ல சேர். சீனித் தண்ணியில சாயத்தப் போட்டு, குச்சியச் சொருகி உறைய வைக்கிறது. பழம் மாதிரி கையில புடிச்சுத் தின்னுறதால நம்மாளு எவனோ வச்ச பேரு போல. சிங்களவங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு ழ வராதே, அயிஸ் பலம்னு ஆயிருச்சு. எழுதிக்கிட்டீங்களா?

இனி சொல்றத எழுதாதீங்க.

எம்பத்தி மூணு கலவரத்துல, மாத்தளையில விக்கிறதுக்கு ஐஸ்பழம் எடுத்துக்கிட்டு பஸ்ஸுல வர்றோம், நானும் பொஞ்சாதி ராசம்மாவும். நடுவழியில தமிழ் ஆளுகளத் தேடி மறிச்சாங்க. கத்தி, பொல்லு. ஏறுன ஒருத்தரு என் மடியில இருந்த பெட்டியத் தட்டி, இது என்னடான்னாரு. அயிஸ் பலம் மாத்தயான்னேன். பத்து வருஷமா சிங்களப் பள்ளிக்கூட வாசல்ல கூவுன வாய் சேர், பிசகல.

அடுத்தது ராசம்மா. அதுக்குச் சிங்களம் அறவே வராது. வாயத் தொறக்கப் போச்சு. ஐயோ மாத்தயா, இது ஊமைன்னுட்டேன். அவரு நம்பல. பீடி நெருப்ப அது கையில வச்சு அழுத்துனாரு. ஒரு முனகல்? ம்ஹூம். பின் சீட்டுல ரெண்டு பேர இழுத்துக்கிட்டு எறங்கிட்டாங்க. அந்த ரெண்டு பேரு என்ன ஆனாங்கன்னு இன்னைக்கும் தெரியாது.

தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்துக்கும் நெருப்பு வச்சுட்டாங்க. போக்கிடம் இல்லாம பஸ் ஸ்டாண்டுல கெடந்தோம். மூணாம் நாள் அதே ஆளு வந்து நிக்கிறாரு. அவருதான் பியதாச மாத்தயா. ஊமையச் சுட்டுட்டேனேன்னு தூக்கம் வரலையாம். வீட்ட எதுத்துக் கல்யாணம் பண்ணுனவங்கன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். கூட்டிட்டு வந்து இந்த ரூமக் குடுத்தாரு, சோறு போட்டாரு. எங்களுக்கு நல்ல மனுசன் சேர். போறோம்னா எங்கேன்னு கேப்பாரே, என்னத்தச் சொல்றது?

பதினோரு வருஷம். அவரு வீட்டுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல ஒத்தச் சுவருதான். புள்ள பெத்தப்பக்கூட துணியக் கடிச்சுக்கிட்டே பெத்துச்சு.

அந்தா, தேத்தண்ணி கொண்டு வருதே, அதுதான் ராசம்மா. பின்னால எங்க மக, எட்டு வயசு. இனி சிங்களத்துலயே பேசுங்க சேர். அம்மா ஊமைன்னுதான் அதுக்கும் தெரியும்.