தலைமை வாத்தியாரின் கதிரை

கரவெட்டி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் ஆசிரியையும் அவர் தமையனும் இருந்தார்கள்.

“எங்கடை தலைமை வாத்தியாரின்ரை கதிரையிலை இப்ப அரிவரி படிக்கிற சின்னப் பிள்ளையள்தான் இருக்கினம், அண்ணை.”

“என்ன விசர்க்கதை! அப்ப பள்ளிக்கூடத்தை ஆர் நடத்திறது?”

“அவர் வேலையிலையிருந்து இளைப்பாறின பிறகு நாங்கள் வாத்திமார் எல்லாரும் சேர்ந்துதான். ஒருதற்றை வகுப்பு பின்தங்கினால் எல்லாரும் போய்ப் படிப்பிக்கிறம். வாசிக்கப் பழகின பிள்ளைக்கு ஒரு நாள் அந்தக் கதிரை.”

“பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்டால்?”

“நேற்று வந்தவர். பிள்ளையளுக்கு வாசிக்கத் தெரியாது, பள்ளிக்கூடத்தைப் பூட்டவேணும் எண்டு போன வருசம் சொன்ன அதே மனிசன். கதிரையிலை ஒரு சின்னப் பெட்டை. நாங்கள் ஒருதரும் அவளை எழுப்பயில்லை.”

“ஐயோ! பிறகு?”

“புத்தகத்தை நீட்டினார். கடகடவெண்டு வாசிச்சாள். மற்றப் பிள்ளையளும் அப்பிடித்தான். இனிப் பூட்டத் தேவையில்லையெண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.”

“ஆரிட்டைச் சொன்னவர்?”

“கதிரையிலை இருந்தவளிட்டைத்தான்!”