கைபிடிப்பவள்

செயற்கை ரோமத்தை வெயிலில் காயப்போடக் கூடாது, சார்ஜென்ட். முடி முறுகித் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். உள்ளே வரும்போது பார்த்தேன், உடுப்பு ஸ்டேஷன் பின்புறக் கொடியில் தொங்குகிறது. சாட்சிப் பொருள், கிட்டே போகாதே என்று கான்ஸ்டபிள் சொன்னார். நான் போகவில்லை. அவரே கொஞ்சம் மாமரத்து நிழலுக்கு நகர்த்திப் போட்டால் போதும்.

துவைப்பதாக இருந்தால் மெஷினில் போடவேண்டாம். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குத் தேய்க்கும் ஷாம்பு, பிறகு நாய்ச் சீப்பால் ஒரே பக்கமாக வாரிவிட வேண்டும். பதினாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். ஒரு இடத்தில்கூட முடி கொட்டியதில்லை.

சரி, லியேனைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

லியேனின் அம்மா ஆற்றோர ஹோட்டலில் பீர் ஊற்றுகிறவள். என் அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம். கரும்பு அரைவைக் காலத்தில் வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் குளியலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். அவர் எழுந்திருக்கும் வரை எங்களுக்குக் குளியலறை கிடையாது. இந்த ஊரில் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குப் பதினான்கு வயதில் 'உறைநதி' முதல் புத்தகம் பள்ளி நூலகத்துக்கு வந்தது. நானும் லியேனும் அதை ஹோட்டலின் குளிர் அறையில் பீர்ப் பீப்பாய்கள் மேல் உட்கார்ந்து, என் அப்பாவின் ஆலைக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி வாசித்தோம். மூச்சு விட்டால் வாயில் புகை வரும் இடம் ஊரிலேயே அது ஒன்றுதான்.

கதை உங்களுக்குத் தெரியும், உங்கள் மகள் மார்னி சொல்லியிருப்பாள். இஸ்லின் என்ற பெண் உறைந்த நதியின் மேல் விளக்கோடு நடக்கிறாள். பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும். கூடவே போரக், கரடி மாதிரி ஒரு பனிமிருகம். போரக் வாயைத் திறந்தால் நதியின் பனி உடையும், மேலே நடக்கும் பிள்ளைகள் மூழ்கிப்போவார்கள். அதனால் எட்டுப் புத்தகத்திலும் போரக் ஒரு வார்த்தை பேசாது. அம்பு பாய்ந்தாலும் பேசாது. கார்ட்டூனாக டிவியில் வந்தபோதும் அதற்குக் குரல் கொடுக்க ஆள் வைக்கவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான். அப்போது நாங்கள் இருவரும் ஆலையில் சேர்ந்துவிட்டோம். அவள் கரும்பு ரயில் ஓட்டினாள், நான் சாறு காய்ச்சும் தளத்தில். சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து பார்ப்போம்.

ஆலையில் கேலி பண்ணுவார்கள். "என்னம்மா நெரி, உன் கரடி எப்ப குட்டி போடப் போவுது?" என்று ஃபோர்மேன் வாராவாரம் கேட்பான். "ஒங்க பொண்டாட்டிய மாதிரி அதுவும் ஒங்கள பாத்துப் பயந்து கெடக்கு" என்று லியேன் பதில் கொடுப்பாள். மொத்தச் சாப்பாட்டு அறையும் சிரிக்கும். எனக்கு வாய் அவ்வளவு வராது. அவள்தான் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

போரக்கின் உடுப்பை நான் செய்தேன். பழைய மெத்தைகளின் ஸ்பஞ்சு, மெல்பர்னிலிருந்து வரவழைத்த ரோமம், படகு செய்கிறவரிடம் கற்றுக்கொண்டு கண்ணாடி இழையில் வார்த்த மண்டை. என் உயரத்துக்கு நான் போட்டால் நனைந்த ஆடு மாதிரி இருக்கும். லியேன் ஆறடி. அவள் போட்டு முதல்தடவை என் கராஜ் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்தது. லியேன் என்று எனக்குத் தோன்றவில்லை. போரக் வந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

இந்த மாதிரி உடுப்புப் போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிரிஸ்பேன் ரசிகர் கூட்டங்களில் கற்றுக்கொண்டோம். உள்ளே இருப்பவருக்கு வாய் ஓட்டை வழியாகத் தரை மட்டும்தான் தெரியும். அதனால் கூடவே ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எங்களுக்குள் 'கைபிடிப்பவள்' என்போம். படி வந்தால் நிறுத்துவது, வாலைப் பிள்ளைகள் மிதிக்காமல் பார்ப்பது, தண்ணீர்க் குழாயை வாய்க்குள் நீட்டுவது எல்லாம் என் வேலை. போரக் பேசாது என்பதால் லியேனும் உள்ளே பேசமாட்டாள். கைதான் பேச்சு. விரலால் தட்டினால் தண்ணீர். முழுக்கையையும் இறுக்கிப் பிடித்து விடாமல் இருந்தால், போதும், ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போய்த் தலையைக் கழற்று என்று அர்த்தம். பிள்ளைகள் எதிரில் தலை கழலக் கூடாது. இந்தச் சட்டத்தை முதலில் சொன்னது அவள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நூலகம், ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டு, அரைவை முடிவு விழா. எங்கே போனாலும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் மார்னி, அவள் அம்மா ஊரைவிட்டுப் போன பிறகு, ஒவ்வொரு தடவையும் போரக்கின் காதில் வெகுநேரம் பேசுவாள். போரக் மண்டியிட்டுக் காதைக் கொடுக்கும். கைபிடிப்பவளுக்கு எல்லாம் கேட்கும். என்ன சொன்னாள் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லப் போவதில்லை. அது போரக்குக்குச் சொன்னது.

போன மாதம் என் கராஜில் கால் பகுதியைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பீர்.

"நெரி, இதுதான்டி கடைசி."

"கடைசின்னா?"

"கடைசின்னா கடைசிதான். கால்வினுக்கு கிளாட்ஸ்டோன்ல வேலை கெடச்சிருச்சு. கல்யாணத்த முடிச்சிட்டுக் கெளம்புறோம்."

"விழாவுக்கு விழா வந்து போட்டுட்டுப் போயேன்."

"அடி போடி. நாப்பது வயசாகப் போவுது. இதுக்குள்ள நின்னு நின்னு அக்குள்லாம் சொறி. ஒரு கார்ட்டூனுக்கு இன்னும் எத்தன வருஷம்டி வேர்த்துக் கொட்டுறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். பிறகு அடுத்ததைச் சொன்னாள். அரைவை முடிவு விழாவில், மேடையில், தலையைக் கழற்றப் போகிறாளாம். "பசங்களா, நான்தான் ரயில் ஓட்டுற லியேன், போயிட்டு வர்றேன்னு சொல்லப் போறேன். இத்தன வருஷமா கட்டிப்புடிச்சது யாரன்னு அதுங்களுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிய வேணாம்" என்றேன்.

"ஒனக்குத்தான்டி தெரிய வேணாம். அதுங்க வளந்துரும். நீதான் அந்தக் குளிர் ரூம விட்டு இன்னும் வெளிய வரல."

எனக்குக் கோபம் வரவில்லை, சார்ஜென்ட். கோபம் வந்திருந்தால் அன்றே ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பீரைக் குடித்து முடித்தாள். நான் அவள் காலில் இருந்த ரோமத்தை வாரிவிட்டேன்.

தலை முன்பு சும்மா தோளில் உட்கார்ந்திருக்கும், போட்டிருப்பவரே தூக்கிக் கழற்றலாம். கடைசியாக நூலகத்தில் அது ஆடியது. அதனால் பிடரியில், ரோமத்துக்கு அடியில், இரண்டு கொக்கிகள் வைத்துப் பூட்டினேன். மிருகப் பாதம் மாதிரி இருக்கும் அந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு யாராலும் அதைத் திறக்க முடியாது என்பது உண்மைதான். அவளிடம் சொன்னதாகத்தான் ஞாபகம். மூக்குக்குள் ஒரு சின்ன பேட்டரி விசிறி உண்டு. அது உறுமும். பேசாத மிருகம் உறுமக் கூடாது என்று பேட்டரியை எடுத்துவிட்டேன். உள்ளே போடுகிற, ஐஸ் பைகள் வைத்த சட்டை ரோமத்தில் ஈரத் திட்டு விடுகிறது என்று அவளே பலமுறை குறைசொல்லியிருக்கிறாள். அன்று அதை என் ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டேன், வேனில் ஏறும்போது மறந்துவிட்டேன் என்றேன். "பரவால்லடி, கடைசி நாள்தான, செத்தா போயிருவேன்?" என்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம்.

விழா மண்டபம் தகரக் கூரை. நவம்பர், கோடை தொடங்கும் மாதம். மழை வருவேன் வருவேன் என்று வராமல் நிற்கிற மாதம். நீங்கள் வெளியே கேட்டில் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தீர்கள், அதனால் உள்ளே எப்படி இருந்தது என்று தெரியாது. ஆலைத் தளத்தில் நின்று பழகிய எனக்கே கண்ணில் வியர்வை எரிந்தது.

விரல் தட்டியது. தண்ணீர் கொடுத்தேன். மறுபடி தட்டியது. வரிசையில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள், முடியட்டும் என்று நடத்திக்கொண்டு போனேன். பிறகு கை இறுகியது. முழுக்கையும். என் விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள். நானும் அதே அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நூலகத்து அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பிரியுறதுக்கு மனசே இல்ல பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வெப்பம் தாக்கினால் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஆலையில் முதலுதவிப் பொறுப்பு எனக்குத்தான். வியர்வை நிற்கும், நடை தடுமாறும், பேச்சு குழறும், பிறகு ஆள் விழுவார் என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறதே, அதை ஒட்டியவளே நான்தான். மேடைப் படியில் அவள் கால் மடங்கியபோது அது எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். ஸ்பஞ்சுதானே, கான்கிரீட் இல்லையே, உள்ளிருந்து பேசினால் கேட்கும். அவள் சொல்லவில்லை. அப்படியானால் அவளும் கடைசிவரை போரக்காக இருக்கத்தான் விரும்பினாள் என்று ஆகிறது, இல்லையா?

மேடை ஏறியதும் என் கையை உதறிவிட்டு கையுறை மாட்டிய இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து இழுத்தாள். இடமும் வலமும் திருப்பி இழுத்தாள். கொக்கி நன்றாக நின்றது. போரக் ஆடுகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று, தலையில் கை வைத்து, இடமும் வலமும் ஆடினார்கள். கூட்டத்தில் யாரோ ஃபோனில் படம் எடுத்ததை நேற்று நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அழகாகத்தான் வந்திருக்கிறது.

பிறகு மண்டியிட்டாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாள். கால்வின் பின்வரிசையிலிருந்து எழுந்தான். நான் மைக்கை எடுத்து, "போரக் தூங்குது" என்றேன்.

ஆறாம் புத்தகம் படித்தவர்களுக்கு அது போதும். போரக் தூங்கினால் யாரும் சத்தம் போடக் கூடாது. பிள்ளைகள் உடனே உதட்டில் விரல் வைத்து, உஷ் என்று மேடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவர்களையும் அவர்களே அடக்கினார்கள். கால்வின் முன்னால் வரப் பார்த்தான். மூன்று சின்னப் பெண்கள் அவன் கால்சட்டையைப் பிடித்து, "உக்காருங்க அங்கிள், எழுப்பிறாதீங்க" என்றார்கள். அவன் அசடு வழிந்து உட்கார்ந்துவிட்டான். இது நாங்கள் திட்டமிட்ட காட்சி என்று நினைத்திருப்பான். அவனுக்கு லியேனைத் தெரியும். போரக்கைத் தெரியாது.

விபத்து என்று சொல்ல இடம் இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். வேண்டாம். விபத்து இல்லை. கொக்கியை நான்தான் பூட்டினேன், விசிறியை நான்தான் நிறுத்தினேன், கை இறுகியபோது எனக்கு அர்த்தம் தெரியும். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்து கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தலை கழன்றிருந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் அன்றைக்குப் போரக் செத்திருக்கும். அழுத்தம் கூடினால் ஒரு வால்வைப் பலிகொடுத்துக் கொதிகலனைக் காப்பாற்றுகிறோம். வால்வுக்காக யாரும் அழுவதில்லை. அன்று ஒரு பிள்ளைகூட அழவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களிடமும் சொன்னேன், தலையை வெளியே கொண்டுபோய்க் கழற்றுங்கள் என்று. கொக்கி இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை, கத்தியால் பிடரியை வெட்டிவிட்டார்கள். பரவாயில்லை, அதைத் தைத்துவிடலாம்.

டேப் ஓடிக்கொண்டிருப்பதால் ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தபோது மேடையில் நானும் பக்கத்தில் மார்னியும்தான். அவள் போரக்கின் காதுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நெரி, என்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, நெரி. குழறிய சத்தம்தான்.

மார்னி நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, போரக் பேசிச்சா?" என்றாள்.

பனி உடைந்தால் மேலே நிற்கிற பிள்ளைதானே மூழ்குவாள்? அவள் தலையைத் தடவிக்கொடுத்து, இல்லைடா கண்ணு என்றேன். அவள் நம்பினாள். நீங்கள் வேண்டுமானால் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். போரக் பேசாது என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.