அவன் வாங்கி வந்த பெல்ட்

வண்டி இன்ஜினில் பெல்ட் மாற்றுவது பெரிய வேலை இல்லை, சார். ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதை இன்ஜின் பக்கம் தள்ளினால் பழையது கழன்று வரும். புதியதை மாட்டி, கம்பியால் நெம்பி இறுக்கினால் முடிந்தது. மீன் ஏற்றும் வண்டிக்கு இதை நாங்கள் வாசலிலேயே செய்துகொள்வோம். ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும்.

என் தம்பி முரளிதான் பொன்னேரியிலிருந்து புது பெல்ட் வாங்கி வந்தான். மறுநாள் காலை அந்த வண்டியில் போய்த்தான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அவன் வேலைக்குச் சேர வேண்டும்.

“ணா, இன்னிக்கே மாத்திடு. மொத நாளே வழில நின்னா அசிங்கமாய்டும்” என்றான்.

அவன் மனைவி சுதா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்னா மாமா, புள்ளத்தாச்சி நானே கம்முனு கீறேன், வண்டி இந்தக் கத்து கத்துது?”

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், எந்த வீட்டார் வலை போடலாம் என்று ஊர் பிரித்துக் கொடுக்கும். தோணியில் அந்த வீட்டு ஆட்களே இரண்டு பேர் இருக்க வேண்டும், கூலியாள் கூடாது. எங்கள் வீட்டில் நானும் முரளியும்தான். நைனா செத்தபோது அவன் சின்னப் பிள்ளை. வளர்த்தது நான். அதில் என் கல்யாண வயது போய்விட்டது. அவன் துறைமுகத்துக்குப் போய்விட்டால் எனக்கு ஏரியும் இல்லை.

பழைய பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம், தண்ணீர் வற்றிய இடத்துச் சேறு போல வெடித்திருந்தது. அதில் குளிக்கிற சோப்பைத் தேய்த்து, அதையே திரும்ப மாட்டினேன். சோப்பு தேய்த்தால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் வராது. வழியில் அறுந்து, முதல் நாளே வேலை கைவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். புதியதை வலைக்கு அடியில் வைத்தேன்.

“மாமா கை வெச்சா வாய மூடிக்குது பாரு” என்றாள் சுதா.

அன்று மாலையே அவளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. முரளி அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தான். கதவைச் சாத்தியது நான். பெல்ட் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மாற்ற அரைமணி ஆகும். ஏன் மாற்றவில்லை என்று அவன் கேட்பான். “மெதுவா போடா” என்று மட்டும் சொன்னேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திருப்பாலைவனம் ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் பெல்ட் அறுந்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப் சுற்றுவதும் அதே பெல்ட்டில்தான். இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது சுதா இல்லை. குழந்தையும் இல்லை. பெண் குழந்தை.

வண்டியை இழுத்துவரப் போனவன் நான். அறுந்த துண்டுகளை வாய்க்காலில் போட்டேன்.

“புது பெல்ட்டு எப்பிடிணா அறும்?” என்று முரளி கேட்டான்.

“டூப்ளிகேட்டா இருக்கும்டா. எந்தக் கடைல வாங்கின?”

அவன் கடையின் பெயரைச் சொன்னான். அப்புறம், “சல்லிசா கீதுன்னு வாங்கிட்டேன்ணா” என்றான்.

துறைமுகத்துக்கு அவன் போகவில்லை. எங்கள் பாடு வரும் நாட்களில் என் எதிரே உட்கார்ந்து வலை இறக்குகிறான். சில நேரம் கை அப்படியே நின்றுவிடும். தண்ணீரைப் பார்த்தபடி, “நான்தானேணா அவள கொன்னேன்?” என்பான்.

“இல்லடா” என்பேன். ஒவ்வொரு முறையும் சலிக்காமல் சொல்கிறேன்.

வண்டியில் இப்போது ஓடுவது அவன் வாங்கிய அந்தப் பெல்ட்தான். நல்ல சரக்கு, இன்றுவரை ஒரு சத்தம் இல்லை. இதை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள், சார். என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?