குசினி யன்னல்

இல்லைப் பிள்ளை, நீயே சொல்லு! கோயில் அன்னதானத்திலை முந்நூறு பேருக்குச் சமைக்கிற என்ரை மனுசனுக்கு, சொந்த வீட்டிலை உப்புப் போட்டு வைக்கிற பேணி எங்கை இருக்கெண்டு தெரியாதெண்டால் ஆர் நம்புவினம்? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு, கிடாரத்துக்குள்ளை அகப்பையை விட்டுக் கிண்டுற வடிவென்ன! "பரமலிங்கத்தின்ரை பூசணிக்காய்க் கறி மாதிரி வராது" எண்டு ஊர்ச்சனம் சப்புக்கொட்டிச் சாப்பிடுது. வீட்டை வந்தால் தேத்தண்ணியும் கையிலை கொண்டுபோய்க் குடுக்கோணும். அங்கை செய்தால் தொண்டாம், இஞ்சை செய்தால் பொம்பிளை வேலையாம். என்ன ஞாயம் இது?

கொஞ்சம் தள்ளி இரு பிள்ளை, பஸ்ஸிலை இந்தப் பக்கம் வெயில் அடிக்குது... ஓ, என்ன சொன்னனான்? கந்தோர் வேலை! கிளிநொச்சிக் கூட்டுறவுச் சங்கத்திலை எனக்கு மனேச்சர் வேலை குடுத்திருக்கினம். கிளாக்கராவே கிடந்து தேஞ்ச எனக்கு! கிழமை நாளிலை அங்கையே தங்கோணும். ஓமோ இல்லையோ எண்டு இண்டைக்குச் சொல்லியாகோணும். இந்த மனுசன் என்ன கேட்டவர் தெரியுமே? "அப்ப எனக்கு ஆர் சோறு தாறது?" எனக்கு அழுகையே வந்திட்டுது பிள்ளை. எவ்வளவு ஆசைப்பட்ட வேலை! வேண்டாமெண்டு சொல்லத்தான் இப்ப யாழ்ப்பாணத்திலை இருக்கிற தலைமைக் கந்தோருக்குப் போறன். வேறை என்ன செய்ய?

பொறு, போன் அடிக்குது. என்ரை மகன்... ஹலோ, தம்பி கீர்த்திகன்! என்னடா? அப்பாவோ? குசினிக்குள்ளையோ? தேங்காய் துருவுறாரோ! "அம்மாவை வேலைக்குப் போகச் சொல்லு, நான் சமைப்பன்" எண்டவரோ?

ஐயோ ஐயோ! யன்னல் திறந்தோ கிடக்கு? சாத்தடா! பக்கத்து வீட்டுக் குணலட்சுமி கிணத்தடியிலை நிக்கிற நேரமடா இது! இந்தப் பத்மாவதி தன்ரை மனுசனை அடுப்படியிலை விட்டிட்டுப் போட்டாளெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவாளே! என்ரை மானம் போச்சு!

என்ன பிள்ளை சிரிக்கிறாய்? என்ன? பொம்பிளை வேலையெண்டு முதல் சொன்னது ஆரெண்டோ? ... நான்தான். ஒருக்கால் வெங்காயம் உரிக்க வந்த மனுசனிட்டைக் கத்தியைப் பறிச்சுப்போட்டுச் சொன்னனான். அதுக்கென்ன இப்ப?

கொண்டக்டர் தம்பி, நிப்பாட்டுங்கோ! நான் இறங்கோணும். கந்தோரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், வீட்டை போய் முதல் அந்த மனுசனை... என்ன பிள்ளை, கையைப் பிடிச்சு இருத்துறாய்? விடன்! ஐயோ, பஸ் வெளிக்கிட்டிட்டுதே!

சரி, சரி, இருக்கிறன். ஓமெண்டே சொல்லுறன், உன்ரை தொல்லைக்காக... தம்பி, போனை வைக்காதை. அப்பாட்டைச் சொல்லு, உப்புப் பேணி மேல்தட்டிலை, மாப்பேணிக்குப் பின்னாலை இருக்கு. யன்னலை... யன்னலைப் பாதி சாத்தினால் போதும்.