சுருக்கிச் சொன்னேன்

காலை ஐந்தரைக்கு எழுவேன். பல் துலக்கி, முகம் மழித்து, முந்தைய நாளே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வேன். குவளையில் இரண்டு பிரஷ்கள் இருக்கின்றன. ஒன்று ஒன்றரை வருடமாக நனையவில்லை. அமைச்சகத்துக்கு நடந்தே போய்விடுவேன். அங்கே மொழிபெயர்ப்பாளன். ஆட்சி மாறியும் அந்த வேலை மாறவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் "எனக்குப் பசிக்கிறது" என்றால் நாமும் "எனக்கு" என்றே சொல்ல வேண்டும். "அவருக்குப் பசிக்கிறதாம்" என்பது கூடாது. அன்றும் நான் அந்த விதியை மீறவில்லை. இதை உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. எதிர்க்கட்சி ஊர்வலத்தில் முன்வரிசையில் போனாள். பிடித்து உள்ளே போட்டார்கள். என் வேலையை விட்டுவைத்தார்கள். அவளைப் பார்க்க மட்டும் விடவில்லை. வெளிநாடுகள் நெருக்கியதால் ஏழு மாதம் கழித்து நால்வர் குழு ஒன்று சிறையைப் பார்க்க வந்தது. பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. அவர்களுடைய மொழிபெயர்ப்பாளருக்கு விசா மறுத்துவிட்டு என்னை அனுப்பினார்கள். நான் அவளுக்கு யாரென்று குழுவுக்குத் தெரியாது.

சிறை அதிகாரி பிஸ்கட்டை மென்றபடியே என் தோளில் கை போட்டார்.

"தம்பி, உன் பொண்டாட்டி இப்ப உன் வாயிலதான் இருக்கா. அறிக்கை சுத்தமா வந்தா அடுத்த வாரமே கூட்டிட்டுப் போ."

துகள்களைத் தட்டிவிட்டேன். பேரம் நியாயமாகவே பட்டது.

குழு அவளைச் சந்தித்த அறையின் சுவருக்கு அன்று காலைதான் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேஜையில் ஆப்பிள்கள், ஒட்டுச்சீட்டைக்கூட உரிக்கவில்லை. பினாயில் நெடியையும் மீறி ஒரு நாற்றம் குமட்டியது. அவளிடமிருந்துதான் வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் நிதானமாகப் பேசினாள். பாதத்தில் அடித்தது, இடுப்பில் பூட்ஸ் காலால் மிதித்தது, மூன்று நாளாகச் சிறுநீரில் ரத்தம் போவது, உடனே டாக்டர் வேண்டும் என்பது. பாடம் நடத்துவதுபோல வரிசை பிசகாமல் சொன்னாள்.

நான் சொன்னேன்: என்னை நன்றாக நடத்துகிறார்கள். கொஞ்சம் இடுப்பு வலி உண்டு.

பொய் சொல்லவில்லை. சுருக்கினேன்.

இவ்வளவு நேரம் பேசினாரே என்று குழுத் தலைவி கேட்டார். வாத்தியாரம்மா இல்லையா, எதையும் நீட்டி முழக்கித்தான் சொல்வார் என்றேன். நால்வரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னும் ஒன்று சொன்னாள். உங்கள் வருகைக்கு நன்றி என்று அதை மாற்றிக் கொடுத்தேன். வாசனைத் தாளால் கை துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அறிக்கை சுத்தமாக வந்தது. வெளிநாடுகள் நெருக்குவதை நிறுத்தின. அதிகாரியும் சொன்ன சொல் தவறவில்லை. ஆறாம் நாளே வந்து கூட்டிப் போகச் சொன்னார். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தேன். முதுகில் பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. தேய்த்தும் போகவில்லை.

டாக்டர் என்ற சொல்லை விழுங்கியவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்த அறையில் நினைத்தவனும் நான் ஒருவன்தான்.

நாங்கள் சிரித்ததும், தன்னை அவர்கள் நம்பவில்லை என்று நினைத்திருப்பாள். நான் நன்றியாக மாற்றிக் கொடுத்தது இதைத்தான்:

"இவர் என் வீட்டுக்காரர்தாங்க. நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லுவார்."