அரைச் சுற்று

உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். வருஷக்கணக்காகக் கால் கடுக்க நின்று பார்த்த வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. சாயங்காலமானால் செருப்புக்குள் கால் நுழையாது. ஃபேனைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். நேற்று ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரவைத்து விசாரித்தீர்கள் அல்லவா? ஆபரேஷன் பதிவைத் திரையில் ஓடவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்: "இந்த இடத்துல கேமரா பிடிச்சவர் கை கொஞ்சம் நழுவியிருக்கலாம்." அதைத் திருத்திவிட்டுப் போகலாமென்றுதான் வந்தேன். மற்றபடி உங்கள் விசாரணையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாவித்துவார ஆபரேஷன் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றைக் கிழிப்பதில்லை. சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் கருவிகளையும் விடுவோம். ஆபரேஷன் செய்பவர் நோயாளியைக் குனிந்து பார்ப்பதே கிடையாது, திரையைத்தான் பார்ப்பார். கேமரா காட்டாத இடம் அந்த நேரத்துக்கு உடம்பிலேயே இல்லாத இடம். எங்கள் பெரிய டாக்டருக்கு அந்தக் கேமராவைப் பிடித்தவன் நான். நானும் அவரைப் போல அறுவை சிகிச்சை படித்தவன்தான். என் கை அசையாது என்பதால் எனக்கு 'ஆணி' என்று பெயர் வைத்தார். நர்ஸுகள்கூட என் சொந்தப் பெயரை மறந்துவிட்டார்கள்.

எனக்கும் ஆபரேஷன் கொடுங்கள் என்று கேட்டால், "நீ கேமரா பிடிச்சாத்தான்டா எனக்குக் கை ஓடும்" என்பார். கேட்பதற்குப் பாராட்டு மாதிரித்தான் இருக்கும். வீட்டில் மனைவி, "இன்னைக்காவது கேட்டீங்களா?" என்பாள். கேட்டேன் என்று பொய் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பெரியவருக்கு மாப்பிள்ளை வந்தார். அவரும் டாக்டர். என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். வந்த சூட்டிலேயே கத்தி அவர் கைக்குப் போயிற்று. அவருக்கும் கேமரா நான்தான். எனக்குக் கோபம் இருந்ததா என்று நேற்றுக் கேட்டீர்கள். கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு வெறும் அலுப்புதான்.

அப்போது வந்தவர்தான் இந்த லிஃப்ட்காரர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சின்ன வயதில் கல் அடைத்து ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றிலிருந்து இறங்கும் சிறுநீர்க் குழாய், நடுவில் ஓரிடத்தில் சுருங்கி நூலாகிவிட்டிருந்தது. சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கவேண்டும். இரண்டு சிறுநீரகம் இருப்பவருக்கு இது ஒரு ஆபரேஷன், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று இருப்பவருக்குத் தையல் பிசகினால் மாற்று வழி கிடையாது. அது அவருக்கும் தெரியும். மயக்க மருந்துக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரே மோட்டார்ல ஓடுற லிஃப்ட் சார் இது. ஸ்பேர் கிடையாது, பாத்துப் பண்ணுங்க."

நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளவேண்டும்.

குழாயை வெட்டுவதற்கு முன்னால், அதன் முன்பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அடையாளத் தையல் போடுவது எங்கள் வழக்கம். வெட்டியபின் முனை புரண்டுவிட்டால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? பெரியவர் ஒருநாளும் மறந்ததில்லை. மாப்பிள்ளை அன்று மறந்துவிட்டார். நான் மூச்சு விடவில்லை. நினைவுபடுத்துவது கேமரா பிடிப்பவன் வேலை இல்லை என்று அவரே ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

வெட்டினார். நூல் வாங்க நர்ஸ் பக்கம் திரும்பிய நேரத்தில் கீழ்முனை அரைச் சுற்று புரண்டுவிட்டது. நான் பார்த்தேன். அவர் திரும்பிவந்து கேட்டார்.

"சார், நேரா இருக்கா?"

"நேரா இருக்கு. தைங்க."

சொல்லிவிட்டுக் கேமராவைத் தையல் போடும் இடத்துக்கு மிக அருகே கொண்டுபோனேன். கீழே முறுக்கு விழுந்திருந்த பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது. படத்தையும் லேசாகத் திருப்பினேன். அதைத்தான் நீங்கள் நழுவல் என்றீர்கள். அது நழுவவில்லை ஐயா, நான் திருப்பினேன். அவ்வளவு மெதுவாகத் திருப்ப எங்கள் ஊரிலேயே வேறு ஆள் கிடையாது.

மாப்பிள்ளை தைத்த தையலில் ஒரு குறையும் சொல்லமுடியாது. உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்ததால் சிறுநீர் தங்குதடையில்லாமல் இறங்கியது. லிஃப்ட்காரர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவியிடம் என் நம்பரைக் கொடுத்து, "எதுவா இருந்தாலும் எனக்கே பண்ணுங்கம்மா, மத்த டாக்டருங்க ரொம்ப பிஸி" என்றேன். சில வாரம் கழித்து ஸ்டென்டை எடுத்தார்கள். அதன் பிறகுதான் முறுக்கு தன் வேலையைக் காட்டும். அது எனக்குத் தெரியும்.

நான் நினைத்தது சின்ன விஷயம். ஒருமுறை அடைக்கும், ஓடிவருவார்கள், முதுகு வழியாக ஒரு டியூப் போட்டுச் சிறுநீரை வடித்தால் பிழைத்துக்கொள்வார். மாப்பிள்ளைக்குக் கெட்ட பெயர், அவ்வளவோடு முடியும். ஆனால் அந்த அம்மா போன் பண்ணிய அன்று வார்டில் பெரியவர் இருந்தார். அவர் பார்த்தால் உடனே டியூப் போட்டு, வெளியே தெரியாமல் பூசி மெழுகிவிடுவார். மாப்பிள்ளையின் முறை அடுத்த நாள்தான்.

"சார், காலையிலேருந்து ஒரு சொட்டுகூடப் போகல. இடுப்பு வலிக்குதுன்னு துடிக்கிறாரு."

"ஸ்டென்ட் எடுத்தா உள்ளே வீங்கும்மா. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். "குளிரு தூக்கிப் போடுது சார். ரெண்டு போர்வை போத்தியும் அடங்கல. இப்பவே கூட்டிட்டு வந்துடட்டுமா?"

அடைப்புக்குப் பின்னால் குளிர்காய்ச்சல் வந்தால் உள்ளே சீழ் பிடிக்கிறது, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக்கூடாது என்று எங்கள் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஜுர மாத்திரை கொடுங்கள் என்றேன். நாளைக்கே வாங்க, ஆபரேஷன் செய்த டாக்டரே பார்ப்பார் என்றேன். பொய் இல்லையே.

மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மாப்பிள்ளை டியூப் போட்டார், சீழ்தான் வந்தது. மருந்து எதற்கும் மசியவில்லை. சிறுநீரகத்தை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலை வந்தது. மாப்பிள்ளை கத்தியைத் தொட மறுத்துவிட்டார். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆணி, நீ பண்ணு" என்றார்.

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. நன்றாகச் செய்தேன். கேமராவை மாப்பிள்ளை பிடித்தார்; படம் ஆடிக்கொண்டே இருந்தது. கீழே கொண்டுபோங்கள், இன்னும் கீழே என்றேன். கொண்டுபோனார். முறுக்கு திரை நிறையத் தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், பெரியவரும் பார்த்தார். பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

ஆக, குழாய் முறுக்கியிருந்தது தெரிந்தே மறைத்தேன். அடைத்துக்கொண்டதும் தெரிந்தே வரவிடாமல் நிறுத்தினேன். இந்த இரண்டையும் நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்காரர் இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறார். வேலை போய்விட்டது. நேற்று உங்கள் விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அவர் மனைவி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "இத்தனை பெரிய ஆஸ்பத்திரில எங்க போனை எடுத்துப் பேசினது நீங்க ஒருத்தர்தான் சார். கூடப் பொறந்த அண்ணன் மாதிரி பதில் சொன்னீங்க" என்றார். இன்று காலையிலும் போன் பண்ணினார். கணவருக்கு மூச்சு வாங்குகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அந்த அம்மாவிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள் ஐயா. நம்பிப் பேச அவர்களுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.